இறால் ஓட்டில் நூல் நூற்கலாம்!

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், ரத்தத்தை உறையவைக்கும், கிருமிகளை அடக்கும். புண்ணுக்குக் கட்டுப்போட அருமையான சரக்கு. அதை நூலாக்குவதில்தான் சிக்கல்!

கரைசலை ஊசி வழியே மெல்லத் தள்ளி, சுமார் 20,000 வோல்ட் மின்னழுத்தம் கொடுப்பார்கள். முனையில் நிற்கும் துளி கூம்பாக நீண்டு, இழையாகப் பாயும். காற்றிலேயே உலர்ந்து எதிரேயுள்ள தகட்டில் வலையாகப் படியும். இழையின் பருமன் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

கைட்டோசான் மட்டும் என்றால், மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளுவதால் இழை அறுந்து துளிகளாகிவிடும். பாலிஎத்திலீன் ஆக்சைடு கொஞ்சம் கலந்தால் நூல் வரும். (கம்பிப் பதம் பார்த்துப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.)

ஆனால், புண்ணின் ஈரம் பட்டால் வலை கரையும். கரையாமல் இறுக்கும் குளூட்டரால்டிஹைடு மிஞ்சிவிட்டால் புண்ணுக்கே கேடு. அதனால்தான் கார்டீனியா பழத்தில் கிடைக்கும் ஜெனிபினைச் சோதிக்கிறார்கள்.