காருக்குக் கண் முளைத்தால் நாம் கண்ணை மூடலாமா?

என் மாமா சென்ற ஆண்டு ஒரு புதுக் கார் வாங்கினார். எந்தக் கம்பெனிக் கார் என்று எழுதப் போவதில்லை. சில குறைகளையும் சொல்லப் போகிறேன், ஆகவே பெயர் வேண்டாம். அதை எங்கள் வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்திய அன்று மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இது சும்மா காருன்னு நெனைக்காத புள்ளே. இதுக்குக் கண்ணு இருக்கு. நான் அசந்தாலும் இது முழிச்சிருக்கும்" என்றார். ஆச்சி காரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்போ காவல் சம்மனசைக் காசு குடுத்து வாங்கியாந்திருக்கியால?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சம்மனசைப் பற்றித்தான், தோழியரே, இந்தக் கட்டுரை.

அன்று மாலையே ஆச்சியை அம்பாசமுத்திரத்தில் விடுவதற்காகப் பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டோம். மேலப்பாளையம் தாண்டுவதற்குள் கார் பத்து முறையாவது கத்தியிருக்கும். இடப்பக்கம் ஒரு ஸ்கூட்டர் உரசினாற்போல் போனால் கத்தல். முன்னால் ஆட்டோ திடீரென்று ஓரம் கட்டினால் கத்தல். பத்தமடைக்குச் சற்று முன்னால், வாழைத்தார் ஏற்றிய டி.வி.எஸ். வண்டி ஒன்று வயல் பாதையிலிருந்து சட்டென்று சாலையில் ஏறியது. மாமா பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே கார் தானாகப் பிரேக் போட்டுவிட்டது. நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். ஆச்சியின் மடியிலிருந்த முறுக்கு டப்பா கீழே விழுந்து உருண்டது. பின்னால் வந்த பஸ் ஒரு முழத் தூரத்தில் கிறீச்சென்று நின்றது. அந்த டிரைவர் எங்களைத் திட்டியது கண்ணாடி மூடியிருந்தும் கேட்டது.

"இது நம்ம ஊருக்கு ஆகாது" என்று சொல்லி, மாமா திரையைத் தட்டி அந்த வசதியை அணைத்துவிட்டார். வாழைத்தார்க்காரர் எதையும் அறியாமல் போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் எங்கள் இயற்பியல் சிஸ்டரிடம் போய், கார் எப்படிப் பார்க்கிறது என்று கேட்டேன். சிஸ்டர் சொன்னதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இத்தகைய கார்களில் முன்கண்ணாடிக்குப் பின்னால், நடுக்கண்ணாடியை ஒட்டி, ஒரு காமிரா இருக்கும். சாலையிலுள்ள வெள்ளைக் கோடு, முன்னால் போகும் வண்டி, குறுக்கே வரும் மனிதர் ஆகியவற்றை உருவத்தைக் கொண்டு இனம் காண்பது அதன் வேலை. பல கார்களில் முன்பக்கம் ரேடாரும் உண்டு. அது ரேடியோ அலைகளை அனுப்புகிறது. அலை எதிரிலுள்ள பொருளில் பட்டுத் திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாறியிருப்பதைக் கொண்டு அந்தப் பொருளின் வேகத்தையும் அறிகிறது. ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் ஒரு சுருதியிலும், கடந்து போனதும் வேறொரு சுருதியிலும் கேட்கிறதல்லவா? அதே தத்துவம்தான். எதிர்வெயிலிலும் கனமழையிலும் காமிரா தடுமாறும். ரேடார் அவ்வளவாகத் தடுமாறாது. ஆனால் ரேடாருக்குக் கோடு தெரியாது. பின்னால் வண்டியை எடுக்கும்போது கீகீ என்று கத்துவது இவை இரண்டும் இல்லை. அது பம்பரில் பதித்த, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும் கருவி. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் செய்யப்படும் எல்லாப் புதுக் கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் வியக்க வைத்தது ஒன்று உண்டு. கால் வைத்து அழுத்தாமலே கார் ஒரே வேகத்தில் போகும் கருவியைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வையை இழந்தவர் அவர். அவருடைய வக்கீல் காரோட்டும்போது, பேசினால் வேகம் குறையுமாம், பேச்சைக் கேட்டால் வேகம் கூடுமாம். அந்தக் குலுக்கல் பொறுக்காமல்தான் இதை யோசித்தார் என்பார்கள். 1950-ல் உரிமம் பெற்றார்; 1958-ல் கிரைஸ்லர் கார்களில் அது வந்தது. கண் தெரியாதவர் செய்த அந்தக் கருவிக்குப் பிற்காலத்தில் ரேடார் கண்ணைப் பொருத்தினார்கள். முன்னால் போகும் வண்டி மெதுவாகப் போனால் நம் காரும் தானாகவே மெதுவாகப் போக வேண்டும் என்பதற்காக. 1999-ல் மெர்சிடிஸ் பெரிய கார்களில் இது வந்தது. நம் நாட்டில் 2021-ல் மகிந்திராவின் எக்ஸ்.யு.வி.700 வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்தார் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

மாமாவின் கதைக்குத் திரும்புகிறேன். இரண்டு மாதம் கழித்து வள்ளியூரில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். இம்முறை நான்குவழிச் சாலை. நாங்குநேரி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. நேரான சாலை, நல்ல வெள்ளைக் கோடுகள், நடுவே தடுப்பு. மாமா எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று அந்தக் கார் அழகாகப் போயிற்று. முன்னால் போன வண்டி மெதுவாகப் போனால் இதுவும் மெதுவாகப் போயிற்று. அது விலகியதும் இதுவும் வேகம் பிடித்தது. கோட்டைத் தாண்டப் பார்த்தால் ஸ்டியரிங் தானாகவே சற்றுத் திரும்பி உள்ளே இழுத்தது. ஒரு வேடிக்கையும் நடந்தது. சிக்னல் விளக்குப் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினால் கார் தடுப்பதில்லை. போடாமல் தாண்டினால் இழுக்கிறது. இருபது வருடமாகக் காரோட்டும் என் மாமா, சிக்னல் போட அன்றுதான் கற்றுக்கொண்டார்! அம்மாவும் அத்தையும் சொல்லிச் சொல்லிக் கேளாதவர், ஓர் இயந்திரம் இழுத்ததும் கேட்டுவிட்டார்.

ஆனால் அன்று இரவு திரும்பி வரும்போது மாமாவின் செல்போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். பேசவில்லை; ஏதோ படித்தார். ஒரு கை ஸ்டியரிங்கில் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. கை இருக்கிறதா என்று மட்டும்தான் அந்தக் கார் சோதிக்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நான் முன் இருக்கையில் இருந்தேன்.

"மாமா, ரோட்டைப் பாருங்க" என்றேன்.

"அது பாத்துக்கிடும் புள்ளே" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போது வேகம் 80. கணக்குப் போட்டால் வினாடிக்கு 22 மீட்டர். மூன்று வினாடி செல்போனைப் பார்த்தால் 66 மீட்டர். 66 மீட்டர் என்றால் எவ்வளவு என்று எனக்கு அப்போது சரியாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை விளையாட்டு ஆசிரியையிடம் டேப் வாங்கி நானும் என் தோழியும் அளந்து பார்த்தோம். எங்கள் பள்ளி வாசற்கதவிலிருந்து சிற்றாலயப் படி வரை 61 மீட்டர்தான் இருந்தது. அவ்வளவு தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஓடச் சொன்னால் நம்மில் யார் ஓடுவோம்?

இன்னொன்றையும் பிறகு படித்தேன். படித்த பிறகு வள்ளியூர்ச் சாலை என் கனவில் வந்தது. ரேடாருக்கு ஓடும் வண்டியைக் கண்டுகொள்வது எளிது. நிற்கும் வண்டி அப்படியல்ல. சாலையோரப் பலகை, பாலத்தின் கைப்பிடி, தடுப்பு எல்லாமே நிற்பவைதாமே? ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஊர் போய்ச் சேராது. ஆகவே அதிக வேகத்தில் போகும்போது, நிற்கும் பொருள்களில் பலவற்றைப் பொருட்படுத்தாதபடி பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டியை இது கவனிக்காமல் போகலாம் என்று காரோடு தரும் புத்தகங்களிலேயே எச்சரிக்கை உண்டு. அந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? மாமாவின் காரில் அது பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருந்தது. நம் நான்குவழிச் சாலையில் இரவில் எது நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். டயர் பஞ்சரான லாரி, பின்விளக்கு எரியாமல், எச்சரிக்கைக்கு இரண்டு கல்லும் ஒரு வேப்பங்கொப்பும் வைத்து!

இப்போது என் கருத்தைச் சொல்லுகிறேன். மாமா இரண்டு இடத்திலும் தலைகீழாகச் செய்தார். எங்கே அது தேவையோ அங்கே அணைத்தார். எங்கே அதை நம்பக் கூடாதோ அங்கே நம்பினார்.

பத்தமடைச் சாலையில் அந்தக் கார் போட்ட பிரேக் தப்பானது என்று நான் நினைக்கவில்லை. வாழைத்தார்க்காரர் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்லுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து போனவர்கள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. இந்த முதலிடத்துக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். காரின் கண், காருக்குள் இருப்பவரை மட்டும் காப்பதில்லை. காரே இல்லாதவரையும் காக்கிறது. சைக்கிளில் பள்ளிக்கு வரும் என்னையும் காக்கிறது. அந்தக் கண்ணை அணைக்கும் உரிமை காருக்குள் இருப்பவரிடம் மட்டும் இருப்பது என்ன நியாயம்?

பின்னால் வரும் பஸ் மோதிவிடுமே என்று மாமா கேட்கிறார். நியாயமான கேள்விதான். நம் ஊரில் யாரும் இடைவெளி விடுவதில்லை. விட்டால் அந்த இடைவெளிக்குள் ஓர் ஆட்டோவும் இரண்டு மோட்டார் சைக்கிளும் வந்துவிடும். அதற்காக முன்னால் போகிற காரின் கண்ணைக் கட்டுவது வழியில்லை. பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் கண் வைக்க வேண்டும். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் தானியங்கிப் பிரேக் கட்டாயம். நம் மத்திய அரசும் பஸ், லாரிகளில் இதைக் கட்டாயமாக்க 2025-ல் ஒரு வரைவு வெளியிட்டது. அது நல்ல காரியம். நாற்பது ஐம்பது பேர் ஏறும் வண்டிக்கல்லவா முதலில் வேண்டும்? காரிலும் விலை அதிகமான ரகத்தில்தான் பெரும்பாலும் இது கிடைக்கிறது. உயிருக்கு உயர்ந்த ரகம், தாழ்ந்த ரகம் உண்டா?

இந்தக் கண்ணுக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2022-ல் வந்த ஓர் ஆய்வில், தானியங்கிப் பிரேக் உள்ள கார்கள் நடந்து போகிறவர்கள்மேல் மோதுவது 27 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்த வித்தியாசமும் இல்லை! கன்னடியன் கால்வாய் ஓரமாக இரவில் நடந்து வருகிறவருக்கு எந்தக் காரின் கண்ணும் உத்தரவாதம் இல்லை என்று அர்த்தம். அறுவடைக் காலத்தில் சாலையிலே நெல்லைக் காயப் போட்டிருந்தால் கோடு எங்கே தெரியும்? மோட்டார் எஞ்சினியர்கள் இந்த வசதிகளை 0 முதல் 5 வரை படியாகப் பிரித்திருக்கிறார்கள். மாமாவின் கார் 2-ஆம் படி. அந்தப் படியில் டிரைவர் ஒவ்வொரு வினாடியும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். டிரைவர் அசந்தால் விழித்திருக்கும் கார் அது அல்ல. டிரைவர் விழித்திருந்தால் கூட ஒரு கண் தரும் கார்.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் சொன்னேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை தனக்குப் பாடம் நடத்துவதா என்று அவர் முகம் சிவந்தது. அம்மா என்னைக் கண்ணால் அதட்டினார்கள். மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய், காரிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து உறையைக் கிழித்தார். எச்சரிக்கை எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்று கூட்டிக் குறைக்க அதிலேயே வழி இருக்கிறதாம்.

சென்ற வாரம் மறுபடி ஆச்சியை அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போனோம். மாமா ஏறியதும் செல்போனை என் கையில் கொடுத்துவிட்டார். பின்னால் இருந்த ஆச்சி, முணுமுணுத்துக்கொண்டே பெல்ட் போட்டார்கள். 1843-ல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறியதும், இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள் நெருக்க, கார் கத்தத் தொடங்கியது. மாமாவின் விரல் திரைப்பக்கம் போயிற்று.

"கத்திட்டுப் போவுது, விடுல" என்றார்கள் ஆச்சி.

— பத்தாம் வகுப்பு மாணவி