நிறுவ ஒரு பெயர், அழைக்க ஒரு பெயர்

பைத்தானில் படங்களைக் கையாளும் தொகுப்புக்குப் பெயர் பில்லோ. அந்தப் பெயரைப் போட்டுத்தான் பிப் என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவுகிறோம். நிரலில் இம்போர்ட் பில்லோ என்று எழுதினால் மட்டும் அப்படியொரு மாட்யூலே இல்லை என்று பிழை வருகிறது. பிஐஎல் என்று எழுத வேண்டுமாம், அதுவும் மூன்றும் பெரிய எழுத்தில்! வளர்ச்சி நின்றுபோன பிஐஎல் என்ற பழைய தொகுப்பிலிருந்து 2010-இல் கிளைத்தது பில்லோ. பழைய நிரல்கள் முறியக் கூடாதென்று உள்பெயரை மாற்றாமல் விட்டார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் நேற்று பைத்தான் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இந்தப் பூர்வீகம் எப்படித் தெரியும்? வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் என்றால் உள்ளூர்க்காரர்கள் சமாளிப்பார்கள், வெளியூரிலிருந்து தேடி வருபவர் என்ன செய்வார்?

இது ஒன்றோடு போகிறதா? ஓபன்சிவி-பைத்தானை நிறுவிவிட்டு சிவி2 என்று அழைக்க வேண்டும். சைக்கிட்-லேர்ன், எஸ்கேலேர்ன் ஆகிவிடும். பியூட்டிஃபுல்சூப்4 வெறும் பிஎஸ்4. ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க வழியே இல்லை, எல்லாம் மனப்பாடம்தான்.

லினக்ஸ் பக்கம் போனாலும் நிம்மதி இல்லை. பையாம்ல் என்ற ஒரே தொகுப்பு டெபியனில் பைத்தான்3-யாம்ல், ஃபெடோராவில் பைத்தான்3-பையாம்ல், ஆர்ச்சில் பைத்தான்-யாம்ல். அப்பாச்சி சர்வர் டெபியனில் அப்பாச்சி2, ஃபெடோராவில் எச்டிடிபிடி. ஹெடர் கோப்புகளுக்கு டெபியனில் பெயரின் கடைசியில் டெவ், ஃபெடோராவில் டெவெல்.

எரிச்சலோடு முடிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் குழப்பத்தில்தான் திருடர்கள் புகுகிறார்கள். 2017-இல் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் களஞ்சியமான என்பிஎம்மில் கிராஸ்-என்வ் என்ற தொகுப்புப் பெயரின் நடுக்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒரு போலியை ஏற்றினார்கள். நிறுவியவர்களின் கணினிச் சூழல் மாறிகளை அது வெளியே அனுப்பியது. கடவுச்சொற்களும் டோக்கன்களும் வைக்கப்படும் இடமல்லவா அது! 2019-இல் பைத்தான் தொகுப்புகளின் களஞ்சியமான பைபிஐயில், ஜெல்லிஃபிஷ் என்ற தொகுப்பின் பெயரில் ஒரு சிறிய எல்லுக்குப் பதிலாகப் பெரிய ஐயை வைத்த போலி பிடிபட்டது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. எஸ்கேலேர்ன் என்ற பெயரைத் தீயவர்கள் பிடித்துவிடக் கூடாதென்றே பைபிஐயில் ஒரு வெற்றுத் தொகுப்பைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே ஒரே பெயராக வைத்திருந்தால் அந்தக் காவல் எதற்கு?

பழைய பெயர்களை இனி மாற்ற முடியாது, அது புரிகிறது. புதிதாகத் தொகுப்பு வெளியிடப் போகிறவர்களே, நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும். முடியாதென்றால், எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்பதை ரீட்மியின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.