றிப்போர்ட்டில் இல்லாத நாடி

மருதமுனையில் எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவர். 2006இல் வட்டைக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. தையல் மெஷினை வைத்தே மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கியவர். போன மாதம் வீட்டுக்குப் போனபோது மெஷின் மூடிக் கிடந்தது. "மிஸ், என்ட மூளையில ஒரு நரம்பு இல்லையாம்" என்று ஒரு றிப்போர்ட்டை நீட்டினார்.

நீண்டநாள் தலையிடிக்காக எடுத்த ஸ்கேன். மூளையின் இணைப்பு நாடிகளில் இடது பின்பக்கத்தது தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. யாரோ வாசித்துச் சொல்ல, கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. மூத்த மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து, "உம்மாவுக்கு மூளையில குறையாம், பிள்ளைக்கும் வருமோ" என்று கேட்டனுப்பியிருந்தார்கள். குனிந்து தைத்தால் மௌத்தாகி விடுவேனோ என்று ராத்தாவுக்குப் பயம்.

நான் சமூகவியல் படித்தவள். வைத்தியம் தெரியாது. ராத்தாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் கடதாசியில் படம் கீறிக் காட்டினார்.

இது நரம்பல்ல, இரத்தம் போகும் நாடி. கழுத்தின் முன்பக்கமாக இரண்டு, முள்ளந்தண்டோடு ஒட்டி இரண்டு என நான்கு நாடிகள் மூளைக்கு ஏறுகின்றன. உடல் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கான மூளை, இருதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்த நான்கும் மூளையின் அடியில் சிறு இணைப்பு நாடிகளால் ஒரு வளையமாகச் சேர்கின்றன. நம் வயல்களில் ஒரு வாய்க்கால் அடைபட்டால் மற்றதால் தண்ணீரைத் திருப்புவோமே, அதுபோல. தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1664இல் இதை விளக்கி எழுதியதால் வில்லிஸ் வளையம் என்கிறார்கள். கழுத்து நாடி ஒன்று அடைபட்டிருந்தும் பாரிசவாதம் வராமல் வாழ்ந்த ஒருவரைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

இந்த வளையம் புத்தகப் படத்தில் உள்ளது போல எல்லோருக்கும் இருப்பதில்லை. இலங்கையரின் 225 மூளைகளைப் பார்த்து 2009இல் வெளியான ஆய்வில் படத்தைப் போலவே இருந்தவை சிறுபான்மைதான். சிலருக்கு இணைப்பு நாடி நூல்போல மெல்லியது, சிலருக்கு இல்லவே இல்லை. சிலருக்கு மூளையின் பின்பகுதிக்கான இரத்தம், கருவில் இருந்தபடியே, முன்கழுத்து நாடியிலிருந்து வருகிறது. பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

"அப்ப எனக்கு மட்டும் இல்லையா டொக்டர்?"

"எனக்கு எப்படி இருக்கென்று நானே பார்க்கல்லையே."

ராத்தா அன்றுதான் சிரித்தார். நாடியில் பலூன் போன்ற வீக்கம் இருந்தால் கவனிக்க வேண்டும், ஸ்கேனில் அது இல்லை என்றும், தலையிடிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் டொக்டர் சொன்னார்.

பிறகு பிறஷர் பார்த்தார். ஏறிக் கிடந்தது. கிளினிக் வரிசையில் அரை நாள் போனால் அரை நாள் கூலி போகும் என்று இரண்டு மாதமாக மாத்திரை எடுக்கவில்லையாம். இல்லாத நாடிக்குப் பயந்தவர், இருக்கிற பிறஷருக்குப் பயப்படவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அரை நாள் கூலியின் பெறுமதி எனக்கும் தெரியும். வளையம் முழுமையில்லாதவருக்கு ஒரு நாடி அடைபட்டால் மாற்று வழி குறைவு. அதனால் பிறஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இருப்பது அவருக்கு இன்னும் முக்கியம் என்று டொக்டர் அழுத்திச் சொன்னார்.

சகோதரிகளே, திடீரென வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய் பூசி விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. எல்லோருக்கும் அது பொருந்தாது, டொக்டர்தான் தீர்மானிப்பார். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

டொக்டர் கீறிய கடதாசியோடு மாப்பிள்ளை வீட்டு மாமியிடமும் போய் வந்தேன். தேத்தண்ணி தந்தார், கேட்டுக்கொண்டார், பதில் இன்னும் வரவில்லை. ராத்தா மெஷினைத் திறந்துவிட்டார். பெருநாள் உடுப்பு நிறையப் பாக்கியாம்.