துறவி ஓடிப்போனவனா?

தபசு காலம் வந்தால் மன்னார்க் கரையோரக் கோயில்களில் வியாகுலப் பிரசங்கம் கேட்கும். வாசிப்பா பாட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாத, ஒப்பாரிக்கு நெருங்கிய ஒரு ராகம் அது. ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும்போது கடலில் ஆள் பறிகொடுத்த பெண்களும் தங்கள் அழுகையை அதற்குள் அழுதுவிடுவார்கள். அதை இயற்றியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். கோவாவில் பிறந்து, 1705-ல் தலைமன்னாரில் வந்திறங்கியவர். 37 ஆண்டுகள் இந்த நாட்டிலேயே உழைத்து, 1742-ல் போலவத்தையில் கண்ணை மூடினார். பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை.

இதை நான் நினைவூட்டக் காரணம் உண்டு. “துறவு மடங்களின் காலம் முடிந்துவிட்டது. அது ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான வாழ்க்கை. உலகத்துக்குப் பயந்தவர்கள் மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வழி. போரால் நொந்த மண்ணுக்குச் செபம் சொல்லும் ஆட்கள் எதற்கு?” இந்தப் பேச்சு இப்போது படித்த கத்தோலிக்கர் வாயிலேயே வருகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

இறக்குமதி என்ற குற்றச்சாட்டு நிற்காது. கிறிஸ்தவத் துறவு முளைத்த இடம் எகிப்தின் பாலைவனம். நம்மவர்கள் வனத்து அந்தோனியார் என்று கும்பிடுகிறவர் அங்கே தனித்திருந்து தவம் செய்தவர். ஐரோப்பாவில் ஆசீர்வாதப்பர் மொந்தே கசீனோவில் மடம் அமைத்தது அதற்கு வெகுகாலம் பின்பு, 6-ஆம் நூற்றாண்டில். தமிழுக்கோ துறவு அந்நியமே அல்ல. திருக்குறளில் கடவுளுக்கும் மழைக்கும் அடுத்த அதிகாரம் நீத்தார் பெருமை. இல்வாழ்க்கை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து மறைந்து நம் முன்னோரிடம் வந்த யோசப் வாஸ் அடிகளுக்கு நம் மக்கள் கொடுத்த பெயரும் முனிவர் என்பதே.

ஓடி ஒளிந்தவர்கள் என்பதுதான் இந்தப் பேச்சில் என்னை அதிகம் நோகடிக்கிறது. 1658-ல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை வந்தது. அப்படியிருக்க 1687-ல் யோசப் வாஸ் வேறு பக்கம் ஓடவில்லை. தடை விதித்த நாட்டுக்குள்ளேயே பிச்சைக்காரர் கோலத்தில் வந்தார். சில்லாலையில் தங்கினார். வன்னிக் காட்டிலும் புத்தளத்திலும் அலைந்தார், கண்டியில் சிறையிருந்தார், 1711-ல் அங்கேயே இறந்தார். திருச்சபைச் சட்டப்படி, அவரும் கொன்சால்வெஸ் அடிகளும் சார்ந்த ஓரட்டோரியன் சபையார் மடத்துத் துறவிகள் அல்லர். அவர்களுக்கு வார்த்தைப்பாடு கிடையாது. ஆனால் கூடி வாழ்வதும் ஏழ்மையும் செபமும் அவர்களுக்கும் பொதுவானவை, அந்த வாழ்க்கைதான் அவர்களை இங்கே நிறுத்தி வைத்தது. குரு வர முடியாத ஊர்களில் மூப்பரும் அண்ணாவிமாரும் செபத்தைக் காத்தார்கள்.

முழுத் துறவு மடம் வேண்டுமென்றால் தோலகட்டியைப் பாருங்கள். 11-ஆம் பத்திநாதர் பாப்பரசர் 1926-ல் மறைபரப்பு நாடுகளிலும் தியான சபைகள் எழ வேண்டும் என்றார். அந்த அழைப்பை ஏற்று 1928 பெப்ரவரி 2-ல், வசாவிளானுக்குப் பக்கத்தில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கியவர் ஒரு தமிழர், தோமஸ் அடிகள். மரக்கறி உணவு, மௌனம், தோட்ட வேலை. முறை வைத்து இரவும் பகலும் ஓயாத செபமாலை. கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஓர் இடம் பிரித்த காலம் அது. தோலகட்டியில் எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். மேடை போட்டு அவர்கள் சாதியை எதிர்க்கவில்லை. சேர்ந்து வாழ்ந்து காட்டினார்கள், அவ்வளவுதான். தோலகட்டி நெல்லி ரசம் குடிக்காத யாழ்ப்பாண வீடு குறைவு. திராட்சையும் வளர்த்தார்கள். உலகத்தை வெறுத்தவன் திராட்சைக் கொடிக்குப் பந்தல் போட்டு இத்தனை பொறுமையாய்க் காத்திருப்பானா?

ஐரோப்பாவில் சில மடங்கள் நிலமும் செல்வமும் சேர்த்துக் கெட்டது உண்மை. அதை மறைக்க எனக்கு ஆசையில்லை. அவற்றைத் திருத்தக் கிளம்பியவர்களில் பலர் துறவிகளே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போருக்குப் பிந்திய மண்ணுக்கு மருத்துவர் வேண்டும், வீடு வேண்டும், வலை வேண்டும். யார் இல்லை என்றார்? ஆனால் உதவிக்கு வந்த பலர் திட்டம் முடிந்ததும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலை அப்படி. எங்கள் பிள்ளைகளும் போகிறார்கள்: கனடா, பிரான்ஸ், லண்டன். காணாமல் போன மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மடு மாதா கோயிலில் மணிக்கணக்காய் இருக்கும் தாய்க்கு ஆலோசனையைவிட, பக்கத்தில் எழுந்து போகாமல் இருக்கும் ஓர் ஆள் வேண்டும். ஆசீர்வாதப்பரின் துறவிகள் கொடுக்கும் வார்த்தைப்பாடுகளில் ஒன்று நிலைத்திருத்தல்: சேர்ந்த மடத்தைச் சாகும்வரை விட்டுப் போவதில்லை என்பது. எல்லாரும் புறப்பட்டுக்கொண்டிருக்கும் ஊரில் அதைவிட அவசரமாய்த் தேவைப்படும் வாக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. செபமாலைத் தாசரையும் 1990-ல் போர் தோலகட்டியிலிருந்து பெயர்த்தெறிந்தது. அது அவர்கள் தேடிப் போன பயணம் அல்ல. செபமும் தொழிலும் வேறிடத்திலும் நடந்தன.

கடைசியாய், ஆள் சேருவதில்லை என்கிறார்கள். முன்பு போல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். எண்ணிக்கை குறைந்தால் பயனும் குறையும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். இந்தத் தீவில் யோசப் வாஸ் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் துணைக்கு வேறு குரு இல்லாமலே இருந்தார். 1690-ல் யாராவது வந்து கணக்கெடுத்திருந்தால் ஒன்று என்றுதான் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். கொன்சால்வெஸ் அடிகள் தலைமன்னாரில் இறங்க அப்போது இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன.