எண்ணிய மீன்கள்

பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் பங்கு பிரிப்பதன் அருமையை நாம் அறிவோம். திபேரியாக் கடற்கரையிலும் சீடர்களின் வலையில் பெரிய மீன்கள் 153 இருந்தன என்று அருளப்பர் நற்செய்தி (21:11) கூறுகிறது.

இவ்வெண் வியப்புக்குரியது. 1 முதல் 17 வரை கூட்டினால் 153. இதன் இலக்கங்கள் 1, 5, 3. அவற்றின் கனங்களாகிய 1, 125, 27 ஆகியவற்றைக் கூட்டினாலும் 153! பத்துக் கட்டளைகளும் தூய ஆவியின் ஏழு கொடைகளும் சேர்ந்ததே அந்தப் 17 என்று புனித அகுஸ்தினார் விளக்கினார்.

சீடர் எழுவர். ஆளுக்கு 21 மீன்; மீதி 6. ஒருவர் விட்டுக்கொடுத்தாலன்றிப் பங்கு முடியாது. இன்றிரவு நம் பிள்ளைகளுக்கு இக்கணக்கைக் கொடுப்போம். விட்டுக்கொடுப்பவர் யார் என்றும் கேட்போம். விடையை முதலில் நாமே சொல்லவேண்டியிருக்கும்.