உணவுக்கும் ஒரு நேரசூசி வேண்டும்

பழைய மாணவர் ஒன்றுகூடும் நாட்களிற் கேட்கும் முதல் வார்த்தை பெரும்பாலும் உடம்பைப் பற்றியதாகவே இருக்கும். "என்ன மச்சான், நல்லாய்த் தடிச்சுப் போனாய்!" என்பார் ஒருவர். கேட்டவரும் வயிற்றைத் தடவிக்கொண்டே நகைப்பார். அந்நகைப்பிலே சிறிது நாணமும் பெருமிதமும் கலந்திருக்கும். ஏனெனில், தொந்தியைச் செல்வத்தின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் எம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. ஆயினும், சென்ற சில ஆண்டுகளில் எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவர்களுள் இருவர் நாற்பத்தைந்தைக் காணுமுன்னரே மாரடைப்பால் மறைந்தனர். ஒருவர் நீரிழிவினாற் காலை இழந்தார். ஆதலின் இம்மலரிலே இப்பொருளை நகைப்புக்கு உரியதாகக் கொள்ளாது எழுதத் துணிந்தோம்.

எமது கருத்து இதுவே: உடல் எடையைக் குறைத்தல் மனவுறுதி ஒன்றினால் மட்டும் ஆவதன்று. இக்கிழமை எதை, எவ்வளவு, எப்போது உண்போம் என்பதை முற்கூட்டியே வகுத்துக்கொள்ளும் ஒழுங்கினாலேயே அது நிலைபெறும்.

இவ்வொழுங்கு எமது தலைமுறைக்கு ஏன் அரிதாயிற்று என்பதை முதலிற் சிந்தித்தல் வேண்டும். 1990 ஆம் ஆண்டிற் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது யாம் பத்து வயதுச் சிறுவர். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் துளித்துளியாக அளக்கப்பட்டது. பள்ளிக்கும் சந்தைக்கும் வயலுக்கும் சைக்கிளே துணை. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த வேளையில், நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளுள் யாமும் ஒருவர். அந்நாட்களில் உணவை அளந்தது நாமல்லோம். பஞ்சமே எமக்காக அளந்தது. தாம் பசித்திருந்து பிள்ளைக்கு இட்ட அன்னையர், "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டமை பேரன்பின் மொழியாகும். அம்மொழியைக் கேட்டு வளர்ந்த நாம், 'போதும்' என்னுஞ் சொல்லைக் கற்கவில்லை.

2002 இல் திறந்து 2006 இல் மீண்டும் மூடுண்ட கண்டி வீதி, 2009 இன் பின் நிலையாகத் திறந்தது. சைக்கிள் சென்றவிடத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது. சந்திதோறும் வெதுப்பகமும் கொத்துரொட்டிக் கடையும் எழுந்தன. கோவில் வீதி வரை நடந்த கால்கள் நடையை மறந்தன. வாயோ பழைய பசியை மறக்கவில்லை. பஞ்சத்திற்குப் பழகிய மனமும் மிகுதிக்கு ஆளான வயிறும் ஓருடம்பில் வாழ்வதே எமது தலைமுறையின் இடர்.

எவ்வளவு எடை மிகையானது? எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுக்கக் கிடைப்பது உடற்றிணிவுச் சுட்டி. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, 2004 இல், ஆசிய மக்களுக்கு இச்சுட்டி 23 ஐ எட்டும்போதே கேடு கூடத் தொடங்குகின்றது என்றும், 27.5 இல் அது பெரிதாகின்றது என்றும் குறித்தது. ஐந்தடி ஆறங்குல உயரமுடையார்க்கு 23 என்பது ஏறக்குறைய 65 கிலோகிராம் ஆகும். இடுப்புச் சுற்றளவும் நோக்கத்தக்கது. தென்னாசிய ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் மகளிர்க்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை எனச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வகுத்துள்ளது. கைகால் மெலிந்திருந்தும் வயிறு மட்டும் பருத்தல் எம்மவர் உடலியல்பு. "நான் ஒல்லிதானே" என்று எண்ணுவோரும் ஓர் அளவுநாடாவை எடுத்துப் பார்ப்பது நன்று.

எமது கதையையும் மறைக்காது கூறுவோம். நாற்பத்திரண்டாவது வயதில் எமது எடை 84 கிலோகிராம். உயரமோ மேற்கூறிய ஐந்தடி ஆறங்குலமே. குருதியிற் சீனி எல்லையைத் தொட்டுவிட்டது என்றார் வைத்தியர். அன்றே சோற்றைத் துறந்தோம். ஒன்பது நாள் சென்றது. பத்தாம் நாள் ஒரு திருமண வீட்டில் ஒன்பது நாளுக்குமாகச் சேர்த்து உண்டோம். அவ்வாண்டு கந்தசட்டி ஆறு நாளும் உபவாசமிருந்து மூன்று கிலோகிராம் குறைந்தோம். கார்த்திகைத் தீபத்துக்கு முன்னரே நான்கு கிலோகிராம் கூடினோம். விரதத்தை யாம் குறைகூறவில்லை. அஃது இறைவனுக்காக இருப்பது, இடுப்புக்காக அன்று.

பின்னரே ஓருண்மை புலனாயிற்று. ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற நாளிலே எமக்கு முதலிற் புகட்டப்பட்டது, பாடக்குறிப்பின்றி வகுப்பிற் புகாதே என்பதாகும். குறிப்பின்றிப் புகுந்த ஆசிரியன் நாற்பது நிமிடத்தையும் வாய்க்கு வந்ததைப் பேசிக் கழிப்பான். அவ்வாறே, திட்டமின்றிப் பசிப்பவன் கைக்கு வந்ததை உண்டு கழிப்பான். எமது தோல்விகள் எல்லாம் நிகழ்ந்த நேரத்தைக் குறித்து வைத்தபோது, அவை காலையிலோ மதியத்திலோ நிகழவில்லை என்று கண்டோம். பாடசாலையும் மேலதிக வகுப்பும் முடிந்து களைத்து வரும் மாலை ஆறு மணியே எமது பகை. வீட்டில் என்ன இருக்கின்றது என்று தெரியாத அவ்வேளையில் இரண்டு றோல்சும் ஒரு பால் தேநீரும் எம்மை வென்றுவிடும். பசித்த பின் எடுக்கும் முடிவு பசியின் முடிவேயன்றி எமது முடிவன்று.

ஆகவே ஞாயிறு மாலைகளில் எமது இல்லாளும் பிள்ளைகளும் யாமும் கூடியிருந்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஏழு நாளுக்கும் ஒரு நேரசூசி வரையத் தொடங்கினோம். அதில் அரிய பண்டம் யாதுமில்லை. திங்கட் காலை குரக்கன் பிட்டும் பயறும், செவ்வாய் இடியப்பமும் முட்டையும், தேங்காய்ப்பால் குறைத்த சொதியும், மதியங்களிற் சோறும், முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பயற்றங்காய், பாகற்காய், வாழைப்பொத்தி என இரு மரக்கறிகளும், பருப்போ சூடை மீனோ ஒன்றும், வெள்ளி ஆரதம், மாலை ஆறு மணிக்கு அவித்த கடலை அல்லது கௌபி. கோப்பையிற் பாதி மரக்கறி, காற்பங்கு சோறு, காற்பங்கு பருப்பு அல்லது மீன் என்பது கணக்கு. முன்னர்ச் சோறு மலையாகவும் கறிகள் அதன் அடிவாரத்து ஊர்களாகவும் இருந்தன. உலையிலிடும் அரிசியில் எமது பங்கை ஒரு சுண்டிலிருந்து முதலில் முக்காற் சுண்டாகவும், இரு மாதத்தின் பின் அரைச் சுண்டாகவும் குறைத்தோம். மெல்லக் குறைத்தமையால் வயிறு முறையிடவில்லை.

நேரசூசி இருந்தமையாற் சந்தைக்குச் செல்வதும் ஒழுங்குற்றது. திருநெல்வேலிச் சந்தையில் எதை வாங்குவது என்பது தாளிலிருக்க, வேண்டாதது பையில் ஏறவில்லை. 2022 ஆம் ஆண்டு நாட்டைத் தாக்கிய விலையேற்றத்தின் பின் இதுவும் சிறிய பயனன்று. தேநீரையும் கணக்கிட்டோம். நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி எனின், கரண்டிக்கு 4 கிராமாக 40 கிராம் ஆகின்றது. சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடங்குதல் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின் சாரம். ஆசிரியர் ஓய்வறைத் தேநீரே எம்மை அவ்வெல்லைக்கு அப்பால் கொண்டு சென்றது. பதினான்கு மாதத்தில் எமது எடை 75 கிலோகிராமாயிற்று. இன்னும் செல்லும் வழி உண்டு. ஆயினும் சென்ற வழி மீளவில்லை.

தவறும் நாள் வாராதோ எனின், வரும். கலியாணமும் அந்தியேட்டியும் நல்லூர்த் திருவிழாக் காலத்து அன்னதானமும் எந்த நேரசூசியையும் கேட்டு வருவன அல்ல. ஒரு பாடம் தவறினால் ஆசிரியன் அத்தவணையையே கைவிடுவதில்லை. அடுத்த பாடவேளையில் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றான். அதுபோல, விருந்துண்ட மறுவேளை தாளிலுள்ளதை உண்க. தண்டனையாகப் பட்டினி கிடத்தல் வேண்டா. அப்பட்டினியே அடுத்த மிகையுணவுக்கு வித்தாகும்.

"எமது முன்னோர் உணவை அளந்தா உண்டனர்? குரக்கனும் ஒடியலும் உண்டால் எல்லாம் தீரும்" என்பாருமுளர். முன்னோர் உணவிற் பெருமதிப்புடையோம். ஆயினும் ஒடியலும் மாப்பொருளே, குரக்கனும் மாப்பொருளே. முன்னோர் அவற்றையுண்டு துலா மிதித்தனர். நாம் அவற்றையுண்டு நாற்காலியில் அமர்கின்றோம். அன்றியும், அளவு எமது மரபுக்குப் புறம்பானதன்று. திருக்குறளில் மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறு உண்ணும் முறையையும் அளவையுமே பேசுகின்றன. எமது மண்ணில் எழுந்த இருபாலைச் செட்டியாரின் பதார்த்த சூடாமணி, உண்ணும் பொருள்களின் குணங்களை வகுத்துரைக்கின்றது. வெள்ளி ஆரதமும், விரத நாளின் ஒருபொழுதும், முற்கூட்டியே நாள் குறித்த உணவு ஒழுங்குகளன்றி வேறென்ன? நேரசூசியை நாம் புதிதாகக் கொணரவில்லை, மறந்ததை நினைவூட்டுகின்றோம்.

இன்னுமொன்று கூறுதல் கடன். வீட்டுத் தலைவன் தாளில் எழுதிவிட்டு ஒதுங்கி நிற்க, அவனுக்கொரு சமையலும் பிள்ளைகளுக்கொரு சமையலுமாக இல்லாள் இரட்டைப் பாடுபடுவாளாயின், அத்திட்டம் ஒரு மாதத்துக்கு மேல் நில்லாது, நிற்பதும் நியாயமன்று. எமது வீட்டில் முதற்கிழமையே இவ்வழக்கு எழுந்தது. தீர்ப்பு எமக்கு எதிராகவே அமைந்தது. அன்றுதொட்டுக் கீரை ஆய்வதும் தேங்காய் துருவுவதும் எமது வேலைகள். ஒரே உலை, ஒரே கறி. அளவில் மட்டுமே வேறுபாடு.

இவ்வாறு செய்வதாற் பயனுண்டா என்பதற்கு அண்மையிலேயே சான்றுண்டு. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 சதவீதத்தினர் மூன்றாண்டுக்குள் நீரிழிவுக்கு ஆளாக, உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியோரில் 39.3 சதவீதத்தினரே ஆளாயினர். அவர்களது எடை பெரிதாகக் குறையாதிருந்தும் இப்பயன் விளைந்தது என்பது கருதத்தக்கது. ஆகவே, தராசு அசையாத கிழமைகளில் மனந்தளர்ந்து ஒழுங்கைக் கைவிடுதல் பேதைமை. தராசு காட்டாததையும் உடல் பெற்றுக்கொண்டிருக்கும்.

எனவே கல்லூரிச் சமூகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். சிற்றுண்டிச்சாலையில் அடுத்த கிழமைக்குரிய உணவுப் பட்டியலை வெள்ளியன்றே பலகையில் எழுதுவோம். எண்ணெய்ப் பலகாரத்துக்கருகே அவித்த கடலையும் பழமும் இருக்கட்டும். பழைய மாணவர் ஒன்றுகூடும் நாளில் விருந்துக்கு முன் ஒரு மேசையில் எடையும் இடுப்பும் குருதியமுக்கமும் பார்க்க ஒழுங்கு செய்வோம். வைத்தியராகியுள்ள எமது பழைய மாணவர் இதற்கு மறுப்புரையார் என நம்புகின்றோம். மூன்றாவதாக, பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழைக்கும் வழக்கை வகுப்பறையிலிருந்து அகற்றுவோம். அவமானத்தால் மெலிந்தவர் எவருமிலர்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். வளரும் பருவத்தினராகிய நீவிர் எம்மைப் பார்த்து உணவைக் குறைத்தல் தகாது. காலையுணவை விடாதீர், சோடாவை விடுக, மைதானத்தை மறவாதீர். நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ பெறும் பெரியோரும் தம் வைத்தியரைக் கேளாது உணவளவை மாற்றலாகாது.

பஞ்சம் எமக்கு அளந்த காலத்தில் நாம் உயிர்தப்பினோம். மிகுதியான காலத்திலே நமக்கு நாமே அளந்துகொள்ளக் கற்றாலன்றி, அன்று தப்பிய உயிரை இன்று கோப்பையின் முன்னே இழப்போம். அடுத்த விழாவின் புகைப்படத்திலும் இன்றுள்ள முகங்கள் அனைத்தும் இருத்தல் வேண்டும் என்பதே எமது வேணவா. அதற்கு இந்த ஞாயிறு மாலை ஒரு தாளும் ஒரு பேனாவும் எடுத்து வீட்டாரோடு அமர்வீராக.