நசிந்த விரலுக்குக் கோப்பித்தூள் மருந்தல்ல

பதிவு கொஞ்சம் நீளம். பெற்றோரும் சக ஆசிரியர்களும் முழுவதையும் வாசியுங்கள். கோபம் வந்தால் வாசித்து முடித்தபின் ஏசுங்கள்.

வகுப்பறைக் கதவு, வேன் கதவு, கேற், மேசை லாச்சி. நம் பிள்ளைகளின் விரல் நசிபடும் இடங்கள் இவைதான். நசிந்ததும் நாம் முதலில் கொடுப்பது ஏச்சு: "கண் எங்க இருந்த?" அடுத்தது வைத்தியம். ஒருவர் கோப்பித்தூள் என்பார், ஒருவர் பற்பசை என்பார், இன்னொருவர் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வருவார். கடைசியில் தீர்ப்பு: "ஒண்டுமில்ல, ரெண்டு நாள்ல சரியாகும்."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா இந்தத் தீர்ப்பைச் சொல்கிறோம்?

இரத்தத்தை நிறுத்துவது தூள் அல்ல, அழுத்தம். காயத்தில் அப்பிய தூளை ஆஸ்பத்திரியில் கழுவித்தான் எடுக்க வேண்டும். ஏற்கனவே துடிக்கும் பிள்ளைக்கு அது இரண்டாவது வேதனை. கிருமி போக வழி செய்ததாக நினைக்கிறோம். உண்மையில் அழுக்கை உள்ளே அனுப்புகிறோம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். ஐஸ் வைப்பதென்றால் துணியில் சுற்றி, 10 நிமிடமளவில் வையுங்கள். நூலால் இறுக்கிக் கட்டாதீர்கள். வலிக்குப் பரசிட்டமோல் போதும், அதுவும் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில்.

நகம் பாதி கழன்றிருந்தால் பிடுங்காதீர்கள். நகத்துக்கடியில் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தால் ஊசியைச் சுட்டுக் குத்தாதீர்கள். அதை வெளியேற்றுவது வைத்தியரின் வேலை. விரல் கோணியிருந்தால், நுனியை நிமிர்த்த முடியாவிட்டால், மரத்திருந்தால், காயம் ஆழமாக இருந்தால், நகம் அடியோடு கிளம்பியிருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. சிறுவர்களில் கிளம்பிய நகத்தின் அடியில் எலும்பு முறிவு ஒளிந்திருக்கலாம். விட்டால் எலும்பில் கிருமி பிடிக்கும், விரல் கோணலாய் வளரும். ஏற்பு வலித் தடுப்பூசி விபரம் பார்க்கக் கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள்.

நுனி துண்டாகிவிட்டதா? துண்டைக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வையுங்கள். துண்டில் ஐஸ் நேரே படக்கூடாது. பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

"நாங்களும் இப்படித்தானே சுகப்பட்டோம், கைவைத்தியம் போதும்" என்பவர்களுக்கு ஒரு பதில். பிள்ளைகளின் விரல் நுனிக்கு அல்லாஹ் கொடுத்திருக்கும் ஆறும் சக்தி பெரியதுதான். ஷெஃபீல்ட் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் சிந்தியா இலிங்வேர்த், துண்டான விரல் நுனிகள்கூடச் சிறுவர்களில் தாமாக வளர்ந்து ஆறுவதை 1974இல் எழுதினார். ஆனால் அந்த விரல்கள் ஆறியது சுத்தமான கட்டுக்குள், வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்க. பற்பசைக்குள் அல்ல. உங்கள் விரல் தப்பியது கோப்பித்தூளால் அல்ல, கோப்பித்தூளையும் மீறி.

ஓதி ஊதுங்கள், நான் தடுக்கவில்லை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே ஓதலாம். ஒட்டகையைக் கட்டிய பிறகுதான் தவக்குல்.

இப்போது நம் பாடசாலைகளுக்கு வருகிறேன். பரிசளிப்பு விழாவுக்கு மேடையும் பேனரும் கட்டக் காசு கிடைக்கிறது. வகுப்பறைக் கதவு காற்றில் அடிக்காமல் மாட்டி வைக்க ஒரு கொளுக்கிக்குக் காசு இல்லை என்கிறோம். முதலுதவிப் பெட்டி இருக்கிறது, ஆனால் அலுமாரிக்குள். அலுமாரிக்குப் பூட்டு, சாவி லீவில் போன ஆசிரியரிடம். திறந்தாலும் காலாவதியான மருந்தும் காய்ந்த பிளாஸ்டரும்தான். இந்தப் பெட்டி பிள்ளைகளுக்கா, மேற்பார்வைக்கு வரும் அதிகாரிகளுக்கா?

இன்னொன்றும் நடக்கிறது. "வீட்டுக்குச் சொன்னால் பிரச்சினை வரும்" என்று மணியடிக்கும்வரை பிள்ளையை வகுப்பிலேயே இருத்துகிறோம். பாடசாலையின் பெயரைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் விரலைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. எழுதும் கை அது.

பெற்றோரே, அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள். கதவுகளுக்குக் கொளுக்கி எப்போது? முதலுதவிப் பெட்டி எங்கே, சாவி யாரிடம்? பிள்ளைக்குக் காயம் பட்டால் எத்தனை நிமிடத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள்? பதில் கிடைக்கும்வரை எழும்பாதீர்கள்.